ஆல்ப்ஸில் மனைவியோடு பத்து நாள் பைக் பயணம்: இந்தத் திட்டம் சரியாக வருமா?

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஜூன் மாதம் நானும் என் மனைவியும் ஐரோப்பாவில் பைக் வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் சுற்றலாம் என்று இருக்கிறோம். கல்யாணமாகி இருபது வருடம் ஆகப்போகிறது. மூத்தவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். சின்னவளைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார்கள். இந்த வருடம் விட்டால் அப்புறம் எப்போது அமையும் என்று தெரியாது.

எனக்கு வயது 47. கியர் வண்டி ஓட்ட ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. இப்போது வைத்திருப்பது ஹிமாலயன் 450. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பலமுறை ஏறி இறங்கியவைதான். அதனால் மலைப்பாதை பற்றிப் பயமில்லை.

திட்டம் இது. மியூனிக்கில் வண்டி எடுத்து, ஜெர்மனியின் கறுப்புக் காடு, பிரான்சின் அல்சாஸ், அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாய், இத்தாலியின் ஸ்டெல்வியோ, டோலமைட்ஸ் மலைகள், ஸ்லோவேனியா, கடைசியாக ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைச்சாலை வழியாகத் திரும்பவும் மியூனிக். மொத்தம் ஆறு நாடு, 2,900 கி.மீ. நாளுக்குச் சராசரி 290, ஒரே ஒரு நாள் மட்டும் 410. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊரில் அறை.

என்ன வண்டி எடுப்பது, நம் லைசென்ஸ் செல்லுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா (மனைவி முட்டைகூடத் தொடமாட்டாள்), இந்தத் தூரம் சரிதானா, இவைதான் என் கேள்விகள். போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வளைவுப் பிரியன்:

அருமையான திட்டம். நாங்கள் நான்கு நண்பர்கள் சென்னையிலிருந்து போய் ஒன்பது நாளில் 3,000 கி.மீ. ஓட்டினோம். சாலைகள் அவ்வளவு நன்றாக இருக்கும், தூரம் போவதே தெரியாது. ஸ்லோவேனியாவை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே விர்ஷிச் என்ற கணவாய் இருக்கிறது, 1,611 மீட்டர்தான் உயரம், ஆனால் ஏறி இறங்க 50 கொண்டை ஊசி வளைவு. முதல் உலகப்போரின்போது ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட சாலை. பனிச்சரிவில் செத்துப்போனவர்கள் நினைவாக அவர்களே மரத்தில் கட்டிய சின்னத் தேவாலயம் வழியிலேயே நிற்கிறது.

லைசென்ஸுக்கு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செல்லும். அதில் கியர் வைத்த மோட்டார் சைக்கிள் பிரிவு பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். வாடகைக் கடையில் முன்பணத்தை கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள், அந்த அளவு வரம்பு கார்டில் காலியாக இருக்கட்டும்.

மேட்டூர் அணை:

தம்பி, வணக்கம். நான் பிறந்தது மேட்டூரில், பதினோரு வருடமாக இருப்பது மியூனிக்கில். வயது 51. நான் வண்டி ஓட்டுகிறவள் இல்லை. ஒன்பது கோடையாக என் வீட்டுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த மலைகளையெல்லாம் பார்த்தவள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வண்டி, லைசென்ஸ், தூரம் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். பத்து நாளும் பின்சீட்டில் உட்காரப்போகிறவருக்கு இந்தத் திட்டம் ஒத்துவருமா என்று அவரிடம் கேட்டீர்களா என்பது மட்டும் அதில் இல்லை. அதனால் பின்சீட்டிலிருந்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் தூரம். 290 கி.மீ. என்பது பொள்ளாச்சியிலிருந்து நாற்கர சாலையில் போகிற 290 இல்லை. கணவாய்ச் சாலையில் மணிக்கு நாற்பது நாற்பத்தைந்து கி.மீ. சராசரி வந்தாலே பெரிது. முன்னால் சைக்கிள்காரர்கள், பயண வேன்கள், பேருந்து. நாளுக்கு ஏழு மணி நேரம் சீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்குக் கையும் காலும் கண்ணும் ஓயாமல் வேலை செய்வதால் நேரம் போவது தெரியாது. பின்னால் இருப்பவருக்கு அப்படி இல்லை. பிரேக் பிடிக்கும்போது முன்னால் சரியாமல் இருக்கவும், ஆக்சிலேட்டரைத் திருகும்போது பின்னால் போகாமல் இருக்கவும் வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். மூன்றாம் நாள் காலையில் மாடிப்படி இறங்கும்போதுதான் அது தெரியும்.

எங்கள் முதல் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். மியூனிக்கில் காலை கிளம்பி ஃபெர்ன் கணவாய், ரெஷன் கணவாய் தாண்டி, அன்றைக்கே ஸ்டெல்வியோவும் ஏறி இறங்கி போர்மியோவில் தூங்குவது என்று திட்டம். 300 கி.மீ.க்குச் சற்றுக் கூட. ஸ்டெல்வியோ அடிவாரத்துக்கு வரும்போதே மாலை நான்கு மணி, எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அவரிடம் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நம்மால் கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு.

அந்தச் சாலை 1820களில் ஆஸ்திரியப் பேரரசு போட்டது. உச்சி 2,757 மீட்டர். அடிவாரத்து ஊரான ப்ராத்தோ பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும், ஏற ஏற எண் குறைந்துகொண்டே வரும். இருபதுக்கு மேல் பாக்கி இருந்த ஒரு வலப்பக்க வளைவில், மேலிருந்து ஒரு வேன் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. அவர் பாதியில் நிறுத்தினார். வலது காலை ஊன்றப் போனால் அந்தப் பக்கம் தரை ஒரு சாண் கீழே கிடக்கிறது. வண்டி மெதுவாக, மிக மெதுவாக, வலப்பக்கம் சாய்ந்தது. நான் அவர் முதுகில் முட்டிக்கொண்டு அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்தேன். பக்கப்பெட்டி தரையில் ஊன்றிக்கொண்டதால் என் கால் நசுங்கவில்லை, கணுக்கால் மட்டும் பிசகி வீங்கியது. பின்னால் ஏறிவந்த இரண்டு சைக்கிள்காரர்கள் வண்டியை ஓரமாய்ப் போட்டுவிட்டு வந்து, எதுவும் கேட்காமல், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து எங்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

உங்களுக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் குறுகி ஒடியும் வளைவு எப்போதும் இடப்பக்க வளைவு. இங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் அது அப்படியே மாறிவிடும். ஏறும்போது வருகிற வலப்பக்க வளைவுதான் கடினம். இருபத்தைந்து வருடம் கொல்லிமலையில் பழகிய உடம்பு அங்கே தானாகத் தப்பான இடத்தைப் பார்க்கும். உங்கள் ஹிமாலயன் 196 கிலோ. வாடகையில் எல்லோரும் ஆசைப்படும் பெரிய பி.எம்.டபிள்யூ. ஜி.எஸ். 1250 எடுத்தால் 249 கிலோ, பெட்டிகளும் இரண்டு ஆளும் தனி. அதனால் உயரம் குறைந்த சீட் உள்ள வண்டியாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஹோண்டா என்.டி. 1100, சீட் உயரம் 820 மில்லிமீட்டர். அவருடைய இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறது, எனக்கு அதுவே பாதி நிம்மதி. வண்டி எதுவானாலும் பின்பெட்டி கட்டாயம் வேண்டும், அதன் முன்பக்கத்தில் மெத்தைப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். அதில் முதுகு சாய்ந்தால்தான் ஆள் தாங்கும்.

ஆறு நாட்டை விடுங்கள் தம்பி. அல்சாஸும் கறுப்புக் காடும் அழகுதான், ஆனால் அவை இருப்பது மேற்கே, நீங்கள் பார்க்க ஆசைப்படுவதெல்லாம் கிழக்கே. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று மூன்று நாடு போதும், நடுவில் சுவிட்சர்லாந்தின் ஒரு மூலை. நாங்கள் ஓட்டிப் பழகிய வழியைச் சொல்கிறேன்.

முதல் நாள் மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவில் செல் அம் சே ஏரிக்கரை, 180 கி.மீ. போல வரும். அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் காலை, கூட்டம் வருமுன் குரோஸ்குளோக்னர் மலைச்சாலையில் ஏறிவிடுங்கள். கட்டணச் சாலை, மே முதல் நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும், இரவில் மூடிவிடுவார்கள். ஃப்ரான்ஸ் வாலாக் என்ற பொறியாளர் போட்டு 1935இல் திறந்த சாலை. 48 கி.மீ., 36 வளைவு. வளைவுகள் அகலமானவை, சரிவு ஒரே சீராக இருக்கும், அதனால் வலப்பக்க வளைவுக்குக் கை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்டெல்வியோவுக்கு முன்னால் இதை வைக்கச் சொல்வது அதற்காகத்தான். 2,571 மீட்டரில் எடல்வைஸ் உச்சி என்று ஒரு கிளைச்சாலை போகும், அது கல் பாவிய குறுகிய சாலை, ஈரமாக இருந்தால் போகாதீர்கள். பாஸ்டர்ட்ஸே பனியாற்றைப் பார்க்கும் மேடைக்குக் கட்டாயம் போங்கள். ஆஸ்திரியாவிலேயே பெரிய பனியாறு அது. 1963இல் பனியின் விளிம்புவரை இறங்க ஒரு கம்பி ரயில் போட்டார்கள், இப்போது அது நிற்கிற இடத்திலிருந்து பனி எங்கோ கீழே கிடக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் எனக்கு மனசு பிசையும். ஒன்பது வருடத்தில் என் கண்ணெதிரிலேயே சுருங்கியிருக்கிறது.

அந்தப் பக்கம் இறங்கினால் லீன்ஸ் என்ற ஊர். குளிர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். லீன்ஸ் 670 மீட்டரில் இருக்கிறது, மலைச்சாலையின் உச்சி 2,500க்கு மேல். கீழே 28 டிகிரி வெயில் அடிக்கும்போது மேலே 15, காற்று அடித்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். ஓட்டுகிறவருக்கு சூடேற்றும் கைப்பிடி இருக்கும், முன்கண்ணாடி இருக்கும். பின்னால் இருப்பவருக்குக் கை உறைந்துவிடும். உங்கள் மனைவிக்கு இரண்டு ஜோடி கையுறை, கழுத்தை மூடும் கம்பளித் துணி, நனையாத மேலாடை எல்லாம் பின்பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அடியில் வைத்தால் மழை வரும்போது நடுரோட்டில் பெட்டியைக் கலைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

லீன்ஸிலிருந்து கொர்த்தினா வழியாக டோலமைட்ஸ். இங்கே மூன்று இரவு ஒரே அறையில் இருங்கள், கோர்வாராவோ கனாசெயோ ஏதாவது ஒரு ஊர். பெட்டிகளையெல்லாம் அறையில் கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியில் செல்லா மலையைச் சுற்றி வாருங்கள். போர்தோய், செல்லா, கார்தேனா, கம்போலோங்கோ என்று நான்கு கணவாய், ஒரு சுற்று 55 கி.மீ.தான். போர்தோயில் அரப்பா பக்கம் மட்டும் 33 வளைவு. காலையில் ஒரு சுற்று, மத்தியானம் தூக்கம், மாலையில் எதிர்த்திசையில் ஒரு சுற்று. சாயங்கால வெயிலில் அந்தப் பாறைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் ரோஜா நிறத்துக்கு வரும். நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி அதைப் பார்ப்பதற்காகவே தினமும் கொடியில் துணி எடுக்கிற வேலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பார். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஜூனிலும் செப்டம்பரிலும் சைக்கிள்காரர்களுக்காக ஒருநாள் இந்தச் சாலைகளை மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

அப்புறம் போல்சானோ, மெரானோ. மெரானோவில் ஒரு இரவு. மறுநாள் அதிகாலையில் ஸ்டெல்வியோ, இந்த முறை ஓய்ந்த உடம்போடு. ஏழு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தால் 48 வளைவும் உங்களுக்கே. உச்சியிலிருந்து போர்மியோ போகாமல் உம்பிரைல் கணவாய் வழியாக சுவிட்சர்லாந்தின் ஒரு மூலையில் இறங்கி, திரும்பவும் இத்தாலிக்குள் வந்து ரெஷன் ஏரிக்கு வாருங்கள்.

ரெஷன் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. ஏரிக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு மட்டும் நிற்கும். 1950இல் மின்சாரத்துக்காக அணை கட்டி, கிரௌன் என்ற கிராமத்தைத் தண்ணீரில் முக்கிவிட்டார்கள். வீடுகளை இடித்தார்கள், தேவாலயத்தை இடித்தார்கள், பதினான்காம் நூற்றாண்டின் அந்தக் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். முதல் வருடம் அந்தப் பக்கம் போனபோது எங்களுக்கு நேரமில்லை. இரண்டு நிமிடம் நின்று, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு போட்டோ, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்துத்தான் நின்று பார்த்தேன். காற்று பலமாக அடித்தது, கோபுரத்தின் அடியில் சின்னச் சின்ன அலை. மேலே ஜன்னல் வளைவுகள் அப்படியே இருக்கின்றன, உள்ளே இருட்டு. எனக்கு என் அப்பாவின் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடித்தபோது முழுகிய ஊர்களில் ஒன்று அவர்களுடையது. பண்ணவாடியில் தண்ணீர் இறங்குகிற வருடங்களில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய், அதோ அந்தப் பக்கம்தான் நம் களத்துமேடு என்று வெறும் தண்ணீரைக் கைகாட்டுவார்கள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு அந்தக் கரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். நாளுக்கு 290 கி.மீ. என்று எழுதியிருந்தால் அந்த முக்கால் மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ரெஷனிலிருந்து மியூனிக் ஒரு பகல் தூரம். மொத்தம் கூட்டினால் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. நடுவில் ஒரு மழை நாளுக்கும் இடம் இருக்கும்.

சாப்பாடு. ஆஸ்திரியாவில் காஸ்நோக்கன் என்று இரும்புச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள், மாவுருண்டையும் சீஸும் வறுத்த வெங்காயமும். மாவில் முட்டை இருக்கும். உங்கள் மனைவி முட்டையும் தொடமாட்டார் என்றால் "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஐ" என்ற இரண்டையும் சொல்லப் பழகுங்கள், இறைச்சி இல்லாமல், முட்டை இல்லாமல் என்று அர்த்தம். சூப் விஷயத்தில் கவனம். உள்ளே கிடப்பது வெறும் சீஸ் உருண்டையாக இருந்தாலும் சாறு பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்தது. இத்தாலிப் பக்கம் போய்விட்டால் கவலையில்லை, தக்காளி பீட்சாவும் வதக்கிய காய்கறியும் எங்கும் உண்டு. நான் பருப்புப் பொடி, ஒரு சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய், எலுமிச்சை ஊறுகாய் மூன்றையும் விட்டு எங்கும் கிளம்புவதில்லை. விடுதியில் வெறும் சோறு கேட்டால் வடித்துத் தந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடை திறக்காது, சனிக்கிழமையே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. விசாவுக்காக எடுக்கிற பயணக் காப்பீட்டில் 30,000 யூரோ மருத்துவச் செலவு இருக்கும். ஆனால் பல காப்பீடுகளில் பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது ஏற்படும் விபத்து சேராது. பின்சீட்டில் இருப்பவருக்கும் சேர்த்து அது உண்டா என்று எழுத்தில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

சூரிச் தமிழன்:

அக்கா எழுதினது எல்லாம் சரி. நான் யாழ்ப்பாணம், முப்பது வருசமாய் சுவிசில் இருக்கிறன். சுவிஸ் பக்கத்துக்கு வாறதெண்டால் சில விசயம் சொல்லவேணும். நெடுஞ்சாலையில் ஏறினால் அதுக்கான கட்டண வில்லை, 40 பிராங், கட்டாயம், மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே காசு. மலைப்பாதையால் மட்டும் போய் வந்தால் அது தேவையில்லை. ஊருக்குள் 50, வெளியில் 80. கூட ஓடினால் தண்டம் சரியான பாரம், வாடகை வாகனமெண்டால் வீடு தேடி இந்தியாவுக்கே கடிதம் வரும்.

மலைப்பாதையில் மஞ்சள் தபால் பஸ் வரும். முடக்குக்கு, அதாவது வளைவுக்கு, முன்னம் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிக்கும். நீல அறிவிப்புப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு போட்டிருந்தால் அது தபால் பஸ் பாதை, சாரதி பின்னுக்குப் போ எண்டு சைகை காட்டினால் நாங்கள் பின்னுக்குப் போகத்தான் வேணும். அந்தச் சத்தம் கேட்டவுடன முடக்குக்குள் நுழையாமல் முன்னாலேயே நில்லுங்கோ. அக்காவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

ஃபுர்கா, கிரிம்சல், சூஸ்டன் எண்ட மூன்று கணவாயையும் அண்டர்மாட் ஊரில் தொடங்கிச் சுற்றினால் ஒரு நாள் ஓட்டம், மிகவும் வடிவான இடம். ஆனால் அதை இந்தப் பயணத்தில் திணிக்க வேண்டாம். இன்னொரு முறை அதுக்கெண்டே வாங்கோ.

வளைவுப் பிரியன்:

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து விமானச் சீட்டு, விசா, வாடகை என்று அவ்வளவு செலவு செய்து வருகிறவர் ஒரே ஊரில் மூன்று இரவு இருந்தால் மனசு கேட்குமா? விர்ஷிச்சை விடச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. லீன்ஸிலிருந்து ஒருநாள் போய்வரலாமே.

மேட்டூர் அணை:

தம்பி, விர்ஷிச் நானும் போயிருக்கிறேன், அந்த மரத்தேவாலயத்தில் நீங்கள் சொன்ன மாதிரியே கொஞ்ச நேரம் நின்றேன். விட்டுவிடச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் கிரான்ஸ்கா கோரா என்ற ஊர்ப் பக்கத்து வளைவுகளில் கல் பாவியிருக்கிறது. மழையில் அதில் பின்னால் ஆள் வைத்து ஏறுவது எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் நீங்கள் நால்வரும் தனித்தனி வண்டி. செலவைப் பற்றிச் சொன்னது நியாயம். நான் கேட்பது, அந்தச் செலவில் பாதி இன்னொருவர் கணக்கு, அவருக்கு எது வேண்டும் என்பதுதான்.

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று இரவு மனைவிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஸ்டெல்வியோவில் நீங்கள் வலியைச் சொல்லாமல் வந்தீர்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். போன வருடம் வால்பாறையிலிருந்து திரும்பும்போது அவளும் அப்படித்தான் வந்தாளாம். எனக்கு இதுவரை தெரியாது. அட்டகட்டியில் டீ குடிக்க நிறுத்தலாமா என்று கேட்டதைக்கூட, மணி ஆகிவிட்டது என்று நான் தட்டிக்கழித்திருக்கிறேன்.

பழைய திட்டத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன வழியே போகிறோம். செல் அம் சே இரண்டு இரவு, கோர்வாரா மூன்று இரவு. விர்ஷிச் இந்த முறை இல்லை, நண்பர் மன்னிக்கவும்.

மனைவி உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். வளைவில் அவள் எந்தப் பக்கம் சாய வேண்டும்? கொல்லிமலையில் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறாளாம். இன்னொன்று, காதில் பேசும் கருவி வாங்கலாமா, அல்லது அது வீண் செலவா?

மேட்டூர் அணை:

அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சாய வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலாக முன்னால் பார்க்கட்டும், அது போதும். வலப்பக்க வளைவு என்றால் உங்கள் வலது தோளுக்கு மேலாக, இடப்பக்கம் என்றால் இடது தோளுக்கு மேலாக. பார்வை போகிற பக்கம் உடம்பு தானாக வந்துவிடும், எதிர்ப்பக்கம் போகாது. கண்ணை மட்டும் மூடக்கூடாது. மூடினால் வளைவு எப்போது முடிகிறது என்று தெரியாமல் உடம்பு இறுகிவிடும். வண்டி நின்றாலும் இரண்டு காலும் மிதியில்தான் இருக்க வேண்டும். நீங்கள் தலையசைத்த பிறகுதான் அவர் இறங்கவோ ஏறவோ வேண்டும். இதைப் பொள்ளாச்சியிலேயே, பெட்டிகளில் கனம் ஏற்றி, நாலைந்து ஞாயிற்றுக்கிழமை பழகுங்கள்.

பேசும் கருவி வாங்குங்கள், வீண் செலவே இல்லை. அதோ பார் மர்மோட் (மலையில் வளைக்குள் இருக்கும் பெரிய அணில்) என்று அவர் சொல்ல, நீங்கள் வேகத்தைக் குறைக்க, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதற்காகவே வாங்கலாம். ஆனால் மழையிலோ மாலையிலோ பேட்டரி போய்விடும், அதனால் கைச் சைகையும் வேண்டும். எங்களுக்குள் இருப்பது இது. நான் வீட்டுக்காரரின் இடது தொடையில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, இரண்டு தட்டினால் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்து. இரண்டு தட்டினால் அவர் ஏன் என்று கேட்கக்கூடாது, நிறுத்திய பிறகுதான் பேச்சு. அந்த ஒரு விதியை அவர் எட்டு வருடமாக மீறியதில்லை.

எதிரே வருகிற பைக்காரர்கள் இடது கையைத் தாழ்த்தி வணக்கம் சொல்வார்கள். வலது கையில் ஆக்சிலேட்டர் இருப்பதால் இடது கைதான், நம் ஊர்போல மரியாதைக்குறைவு இல்லை. நீங்கள் வளைவில் கையை எடுக்காதீர்கள். உங்கள் மனைவி சொல்லட்டும், அவருக்குப் பிடிக்கும்.

மியூனிக்கில் இறங்கியதும் விடுதி தேட வேண்டாம், முதல் இரவு எங்கள் வீட்டில் தங்குங்கள். பருப்புப் பொடி நான் இடித்துத் தருகிறேன், ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள். என்னிடம் பஞ்சு வைத்த மழைக்கையுறை ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. அவர் கை அளவு சின்னதா நடுத்தரமா என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.